விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியுமா? மறந்த கணிதத்தை வளர்ந்தபின் மீண்டும் கற்பது குறித்து

பள்ளியில் படித்த இயற்கணிதம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சும்? அமெரிக்க உளவியலாளர்கள் ஹாரி பாரிக்கும் லிண்டா ஹாலும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. ஒரே ஆளை ஐம்பது ஆண்டு பின்தொடர முடியாது. அதனால் பள்ளியை விட்டுச் சில ஆண்டுகளே ஆனவர்கள் தொடங்கி அரை நூற்றாண்டு ஆனவர்கள் வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் திரட்டித் தேர்வு எழுத வைத்தார்கள். முடிவு இரண்டு கிளையாகப் பிரிந்தது. கல்லூரியில் நுண்கணிதமோ அதற்கு மேலோ படித்தவர்கள், பிறகு கணிதத்தைத் தொடாமலே இருந்தும், பள்ளி இயற்கணிதத்தை ஏறக்குறைய அப்படியே வைத்திருந்தார்கள். பள்ளியில் அவர்களுக்கு இணையாகத் தேறி, கல்லூரியில் கணிதமே எடுக்காதவர்களோ, கண்ணை மூடிக்கொண்டு விடையைக் குறிப்பவரின் நிலைக்கு அருகே வந்துவிட்டார்கள். பள்ளி மதிப்பெண்ணும் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும் மறக்கும் வேகத்தைப் பெரிதாக மாற்றவில்லை.

நம்மிடையே கணக்கைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் பலமாக இருக்கின்றன. கணக்கு சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்பது ஒன்று. ஒழுங்காகப் புரிந்து படித்தவனுக்கு அது மறக்கவே மறக்காது என்பது மற்றொன்று. இந்த ஆய்வு இரண்டையும் அசைக்கிறது. நன்றாகப் படித்தவர்களுக்கும் மறந்திருக்கிறது. சுமாராகப் படித்து மேலே போனவர்களுக்கு நின்றிருக்கிறது. மேலே போனதுதான் நிறுத்திவைத்திருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை. ஒரு முப்படிச் சார்பின் பெரும மதிப்பைத் தேடும் மாணவர், வகையிட்டு முடித்த கையோடு ஓர் இருபடிச் சமன்பாட்டின் முன் வந்து நிற்பார். பெரும்பாலும் அதைக் காரணிப்படுத்தித்தான் அடுத்த அடி வைப்பார். அந்தக் கட்டத்தில் காரணிப்படுத்துதல் அவருக்குப் பாடமாக இல்லை, கருவியாக இருக்கிறது. அப்படி விட்டுவிட்டு, சில ஆண்டுகளுக்கு, வேறு வேறு வேலைக்காகக் கையில் எடுக்கப்பட்டது தங்கிவிடுகிறது.

படிப்புக்குத் திரும்பும் வளர்ந்தவர்கள் மறந்த கணிதத்தை எப்படி மீட்கிறார்கள், எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது பற்றிச் சேர்ந்திருக்கும் ஆய்வுகளில் இந்தச் செய்தி வேறு வேறு உருவில் தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. கீழிருந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு மேலே ஏறுவது என்ற திட்டம் கேட்பதற்கு நியாயமாக இருக்கும். நடைமுறையில் பெரும்பாலும் தோற்கிறது. மேலே உள்ள ஏதோ ஒன்றைச் செய்வதற்காக, கீழே உள்ளதை வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொள்வது அதைவிட நன்றாகப் பலிக்கிறது. அதற்கான சான்றுகளையும், அந்தச் சான்றுகள் போதாத இடங்களையும் இங்கே பார்க்கலாம்.

திரும்பி வருபவர்கள் ஒரே வார்ப்பில் இல்லை. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுபவர், கணிதம் ஒன்றில் மட்டும் தவறி அந்த ஒரு தாளுக்காகப் பல ஆண்டு கழித்து விண்ணப்பம் போடுபவர், பாலிடெக்னிக் முடித்து ஒரு பட்டறையில் சில வருடம் இருந்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்பவர், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்து புள்ளியியல் தாளைக் கண்டு திகைக்கும் குடும்பத்தலைவி எனப் பட்டியல் நீளும். ஆனால் தமிழ்நாட்டில் மறந்த கணிதத்திடம் வளர்ந்தவர்களைத் திருப்பி அனுப்பும் பெரிய ஏற்பாடு எந்தப் பள்ளியும் கல்லூரியும் இல்லை, டி.என்.பி.எஸ்.சி.தான் என்று எனக்குத் தோன்றுகிறது. குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 திறனறிவுப் பகுதியைச் சேர்ந்தவை: சுருக்குதல், சதவீதம், மீ.பெ.கா., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கன அளவு, நேரமும் வேலையும். எல்லாம் பத்தாம் வகுப்புக்குள் எல்லோரும் கடந்து வந்தவை. கல்யாணம் ஆகி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பிறகு அந்தப் பிள்ளையின் ஏழாம் வகுப்புப் புத்தகத்தையே எடுத்து வைத்துப் படிப்பவர்கள் பலர்.

அப்படிப் புத்தகத்தைத் திறந்ததும் எழும் முதல் வாக்கியம், எல்லாமே மறந்துபோச்சு என்பது. இதை அளந்து பார்க்க முதன்முதலில் ஒரு முறையைக் கண்டவர் ஜெர்மானியரான ஹெர்மன் எப்பிங்ஹாஸ். 1885இல் வெளியான அவருடைய நூலில் ஆய்வாளரும் அவரே, ஆய்வுக்கு உள்ளானவரும் அவரே. பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, இடைவெளிவிட்டு, மீண்டும் அதே வரிசையை மனப்பாடம் செய்ய எவ்வளவு உழைப்பு குறைகிறது என்று கணக்கிட்டார். இருபது நிமிடம் கழித்து மறுபடி கற்றபோது 58 சதவீத உழைப்பு மிச்சமானது. ஒரு நாள் கழித்து 34 சதவீதம். 31 நாள் கழித்து 21 சதவீதம். மறதியின் வளைகோடு என்று பாடநூல்கள் காட்டுவது இதைத்தான். அந்த வளைகோட்டைக் காட்டி பயமுறுத்துபவர்கள், அது எதை அளந்தது என்பதைச் சொல்வதில்லை. ஞாபகத்திலிருந்து எவ்வளவு ஒப்பிக்க முடிந்தது என்பதை அது அளக்கவில்லை. மறுபடி கற்க எவ்வளவு குறைவாக உழைத்தால் போதும் என்பதை அளந்தது. ஓர் அசையைக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியாத நிலையிலும் உள்ளே ஏதோ கிடக்கும். அது இரண்டாம் முறை கற்கும் வேகத்தில்தான் வெளியே தெரியும். முதல் வாரத்தில் ஒன்றும் வரவில்லையே என்று மூடிவைப்பவர் அந்த மிச்சத்தை வசூலிக்காமலே போய்விடுகிறார்.

எப்பிங்ஹாஸின் அசைகளுக்குப் பொருள் கிடையாது. ஒன்றோடொன்று உறவும் கிடையாது. கணிதம் அப்படி இல்லை என்பதால் அது மறக்கும் விதமும் வேறு. வாய்ப்பாடு கரைந்து மறைவதைவிட, விதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான் அதிகம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று விடை வரும். பின்னங்களைப் பெருக்கும்போது தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் சேர்க்கும் விதி, கூட்டலுக்குள் நுழைந்துவிட்டது. விடை அரையைவிடச் சிறியதாயிற்றே, ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டினால் எப்படிக் குறையும் என்று கேட்டுப் பார்க்கத் தோன்றுவதில்லை. கழித்தலில் இப்படிப் பிள்ளைகள் செய்யும் தவறுகளை ஆராய்ந்த ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் அவை கவனக்குறைவு இல்லை, ஒழுங்காகப் பின்பற்றப்படும் தவறான விதிகள் என்று காட்டினார்கள். அதற்கு முன்பே, 1973இல், ஸ்டான்லி எர்ல்வாங்கர் பென்னி என்ற 12 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதியிருந்தார். பின்னங்களுக்கும் தசமங்களுக்கும் பென்னி தானாகவே விதிகளை உண்டாக்கி வைத்திருந்தான். ஆசிரியர் பார்வையில் அவன் நன்றாக முன்னேறும் மாணவன். தாள்களில் தேறிக்கொண்டே போனான். இப்படித் தேறி வெளியே வந்த பென்னிகள்தான் இருபது வருடம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். அவர்கள் மறந்தது எவ்வளவு, முதலிலேயே பெறாதது எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் அடிப்படைக் கணித வகுப்புக்கு அனுப்பப்பட்ட மாணவர்களை ஜேம்ஸ் ஸ்டிக்லர், கேரன் கிவ்வின், பெலிண்டா தாம்சன் மூவரும் ஆராய்ந்து 2010இல் எழுதியது இந்த இடத்தில் முக்கியம். இவர்கள் வளர்ந்தவர்கள், பள்ளி முடித்தவர்கள். எண்கோட்டில் −0.7 எங்கே, 13/8 எங்கே என்று குறிக்கச் சொன்னபோது இரண்டையும் சரியாகக் குறித்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். இன்னொரு நேர்காணலில், 462உடன் 253ஐக் கூட்டினால் 715 என்பதை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று கேட்டார்கள். 715இலிருந்து 253ஐக் கழித்து 462 வருகிறது என்று காட்டினார் மாணவர். 462ஐக் கழித்தும் பார்க்கலாமா என்றதற்கு அவருக்குத் தயக்கம். விதி இரண்டாவது எண்ணைக் கழிக்கச் சொல்லியிருந்தது. கூட்டல் என்றால் என்ன என்று அது சொல்லவில்லை. ஆய்வாளர்கள் கண்ட மற்றொரு விஷயம் நம்பிக்கை தருவது. காரணம் கேட்டு, யோசிக்க நேரம் கொடுத்தால் இந்த மாணவர்களால் யோசிக்க முடிந்தது. கணக்கைப் பார்த்ததும் யோசிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பள்ளியில் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று பிரேசிலின் ரெசிஃபெ நகரத் தெருக்களில் கிடைத்தது. தெரெசின்ஹா நூனெஸ் கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆராயப்பட்டவர்கள் ஐந்தே பேர், அத்தனை பேரும் சிறுவர்கள். என்றாலும் வளர்ந்தவர்களுக்குக் கணிதம் கற்பிப்பது பற்றிப் பேசும் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது. தேங்காய் விற்கும் 12 வயதுப் பையனிடம் ஆய்வாளர் வாடிக்கையாளராகப் போய் நான்கு தேங்காய் கேட்கிறார். ஒன்று 35 குருசேரோ. மூன்றுக்கு 105 என்று தொடங்கி, அதோடு முப்பது, இன்னும் ஐந்து என்று சேர்த்து 140 என்று சரியாகச் சொல்கிறான். பிறகு அதே பையனிடம் தாளில் 35 × 4 தரப்படுகிறது. நாலஞ்சு இருபது, கையில் இரண்டு. அந்த இரண்டை முதலில் மூன்றோடு கூட்டிவிட்டுப் பிறகு நான்கால் பெருக்கி, விடை 200 என்று எழுதுகிறான். நான்கு தேங்காய்க்கு 200 கேட்டு ஒரு வாடிக்கையாளரையும் அவன் இழந்திருக்க மாட்டான். தெருவில் சரியான விடை 98 சதவீதம். வாக்கியக் கணக்காகத் தந்தபோது 74. வெறும் எண்களாகத் தந்தபோது 37. வளர்ந்தவர்களிடம் ஜீன் லேவ் கண்டதும் இதே ஜாதிதான். கலிபோர்னியாவில் பல்பொருள் அங்காடியில் எது மலிவு என்று விலையை ஒப்பிட்டு வாங்கியவர்கள் 98 சதவீதம் சரியாக முடிவெடுத்தார்கள். தாளில் தந்த எண்கணிதத் தேர்வில் அவர்களுடைய சராசரி 59.

நம் பக்கத்தில் இதற்குப் பொருத்தமான இடம் வட்டி. மூணு வட்டிக்கு ஐம்பதாயிரம் வாங்கினால் மாதம் எவ்வளவு என்று கேட்டால், பள்ளிக்கூடமே போகாதவர்கூட ஆயிரத்து ஐந்நூறு என்று அடுத்த நொடியில் சொல்வார். நூறுக்கு மாதம் மூன்று என்பது அவர் கைவசம் இருக்கும் விகிதம். அதே கணக்கு ஆண்டு வட்டி வீதம் 36 சதவீதம், அசல் 50,000, காலம் ஒரு மாதம், தனிவட்டி காண்க என்று அச்சில் வந்தால், சூத்திரம் என்ன என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். ஏலச்சீட்டில் எத்தனை தள்ளி எடுக்கலாம், எடுத்தால் கையில் எவ்வளவு வரும், மிச்சத் தவணையில் எவ்வளவு திரும்பக் கட்ட வேண்டும் என்று கூட்டத்தில் உட்கார்ந்தபடியே முடிவெடுப்பவர்கள் செய்வது தனிவட்டியைவிடச் சிக்கலான கணக்கு. ஆனால் தெருக்கணிதத்தைக் கொண்டாடி அங்கேயே நின்றுவிடவும் கூடாது. மூணு வட்டி தெரிந்தவருக்கு, வட்டிக்கு வட்டி சேர்ந்தால் இரண்டு ஆண்டில் கடன் இரட்டித்துவிடும் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 1.03ஐ இருபத்து நான்கு முறை பெருக்கினால் இரண்டைத் தாண்டுகிறது என்பதைப் பார்க்கத் தாள் வேண்டும், அடுக்கு வேண்டும். தெரு கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு தெருவால் போக முடியாத இடத்துக்குப் போவதற்குத்தான் வகுப்பறை.

பயத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பொருளை முடிக்க முடியாது. அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் காக்ராஃப்ட் குழு தன் 1982 அறிக்கைக்காக, வளர்ந்தவர்கள் அன்றாடம் கணிதத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்று அறிய ஓர் ஆய்வை ஏற்பாடு செய்தது. பொருள் கணிதம் என்று கேட்டதுமே, அணுகப்பட்டவர்களில் பாதிப் பேர் பேச மறுத்துவிட்டார்கள். பேசியவர்களிடம் பதற்றமும் குற்ற உணர்வும் வெளிப்பட்டன. நல்ல படிப்பும் பதவியும் உள்ளவர்களும் அவர்களில் இருந்தார்கள். இந்தப் பதற்றம் எப்படி வேலை செய்கிறது என்பதை மார்க் ஆஷ்கிராஃப்ட் 2001இல் காட்டினார். கணக்கைக் கண்டு அஞ்சுபவர் அந்த நேரத்தில் தன் அச்சத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது. கையில் ஒன்று, இரண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டிய இடத்தை அச்சம் பிடித்துக்கொள்கிறது. அதனால் சிறு கணக்கில் தெரியாத வித்தியாசம், கையில் வைத்துக் கூட்ட வேண்டிய கணக்கில் தெரிகிறது. பயத்தை முதலில் போக்கிவிட்டுப் பிறகு கணக்கைத் தொடங்கலாம் என்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. போட்டு முடித்த கணக்குகள்தான் பயத்தைக் குறைக்கின்றன. அதனால் எந்தக் கணக்கை முதலில் தருகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது.

திரும்பி வருபவர்களைக் கல்வி நிறுவனங்கள் எப்படி நடத்தின என்பதற்கு அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளைப்போல் விரிவான பதிவு வேறெங்கும் இல்லை. வேலையிலிருந்து வருபவர், ராணுவத்திலிருந்து வருபவர், பிள்ளைகளை வளர்த்துவிட்டு வருபவர் என எல்லோரும் நுழைவில் ஒரு தகுதித் தேர்வு எழுதுவார்கள். மறந்தவர்கள் அதில் கீழே விழுவார்கள். அவர்களை எண்கணிதம், தொடக்க இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் என்று இரண்டு மூன்று படிகள் ஏறச் சொல்வார்கள். பட்டத்துக்குக் கணக்கில் வராத படிகள் இவை; பணமும் பருவங்களும் மட்டும் கரையும். தாமஸ் பெய்லியும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கணிதப் படிகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் கடைசிப் படியைத் தாண்டியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். அவர்கள் கண்டதில் வியப்பூட்டும் செய்தி, தேர்வில் தோற்று வெளியேறியவர்களைவிட அடுத்த படிக்குப் பெயர் பதியாமலே மறைந்தவர்கள் அதிகம் என்பது. கடைசிப் படியைத் தாண்டுபவர்கள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவது ஏன் என்று பார்க்க ஒரு சிறு பெருக்கல் போதும். நூறு பேர் சேர்கிறார்கள், ஒவ்வொரு படியிலும் எண்பது சதவீதம் தேறுகிறார்கள், தேறியவர்களில் எண்பது சதவீதம் அடுத்த படியில் சேர்கிறார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். முதல் படி முடிவில் 80. இரண்டாவதில் சேர்பவர் 64, தேறுபவர் 51. மூன்றாவதில் சேர்பவர் 41, தேறுபவர் 33. எந்தக் கட்டத்திலும் யாரும் பெரிதாகத் தவறவில்லை; ஆனால் மூன்றில் இரண்டு பேர் போய்விட்டார்கள். அவ்வளவுக்குப் பிறகும், பட்டத்துக்குத் தேவையான கணிதப் பாடம் இன்னும் தொடங்கவே இல்லை.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்ட்ரா லோக் தலைமையில் நடந்த சோதனை இந்தப் படிக்கட்டையே கேள்வி கேட்டது. 2016இல் அதன் முடிவு வெளியானது. தொடக்க இயற்கணிதத்துக்கு அனுப்பப்பட வேண்டிய 907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி வழக்கப்படி தொடக்க இயற்கணிதம் படித்தது. இன்னொன்று அதையே வாரந்தோறும் கூடுதல் பயிற்சி வகுப்போடு படித்தது. மூன்றாவது பகுதி, இயற்கணிதத்தைத் தாண்டி, நேராகக் கல்லூரி நிலைப் புள்ளியியலில் உட்கார்ந்தது. தேவைப்படும் அடிப்படையைக் கூடுதல் பயிற்சி வகுப்பில் எடுத்துக்கொண்டது. தேறியவர்கள் முறையே 39, 45, 56 சதவீதம். கீழ் வகுப்பைவிட மேல் வகுப்பில் அதிகம் பேர் தேறினார்கள். இதே போக்கில் கலிபோர்னியா 2017இல் ஒரு சட்டமே இயற்றி, மாணவர்களை ஓராண்டுக்குள் கல்லூரி நிலைக் கணிதத்தை முடிக்க வாய்ப்புள்ள பாதையில் சேர்க்க வேண்டும் என்று தன் சமுதாயக் கல்லூரிகளுக்கு விதித்தது.

இந்தச் சோதனை மேற்கோள் காட்டப்படும் அளவுக்கு அதன் எல்லை பேசப்படுவதில்லை. புள்ளியியலில் தேறியவர் இயற்கணிதத்தை மீட்டுவிட்டார் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. அவருக்கு அது பெரிதாகத் தேவைப்படவில்லை என்று மட்டும் சொல்லலாம். சமூகவியலோ செவிலியமோ படிப்பவருக்கு அது போதும். பாலிடெக்னிக்கிலிருந்து பி.இ.க்கு வருபவருக்குப் போதாது. பகுதிவகைக்கெழுச் சமன்பாடு அவருக்காக விலகி நிற்காது. தவிர, தேறாத 44 சதவீதமும் இருக்கிறது. எனினும் பாரிக் ஐம்பது ஆண்டு மறதியில் கண்டதும் லோக் ஒரு பருவத்தில் கண்டதும் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன. தனியாக, தனக்காகவே திரும்பக் கற்கப்படும் அடிப்படை நிற்பதில்லை. வேறொன்றுக்குத் தேவைப்பட்டுத் திரும்பக் கற்கப்படுவது நிற்கிறது.

இனி, எப்படிப் படிப்பது என்ற நடைமுறைக் கேள்வி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஒரு சின்னச் சோதனை. நான்கு விதமான திண்ம உருவங்களின் கன அளவைக் காண மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு வகைக் கணக்கை முடித்து அடுத்த வகை. மற்றொரு குழுவுக்கு நான்கு வகையும் கலந்து. பயிற்சியின்போது வகைவகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து போட்டவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் அது தலைகீழாயிற்று: வகைவகையாகப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. கூட்டுவட்டி என்று தலைப்பிட்ட பக்கத்தில் இருபது கணக்குப் போடுபவர், இது கூட்டுவட்டிக் கணக்கா என்று ஒருமுறைகூட யோசிக்க வேண்டியதில்லை. தேர்வில் தலைப்பு இருக்காது. வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தி கசப்பானது. ஏனென்றால் இரவு பத்து மணிக்கு உட்காருபவருக்குச் சரசரவென்று விடை வரும் பயிற்சிதான் தெம்பு தரும். கலந்து போட்டால் தடுக்கும், தடுத்தால் நமக்கு வராது என்ற பழைய குரல் எழும். அந்தத் தடுமாற்றம்தான் படிப்பு என்று அவருக்கு யாராவது முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

தொடக்கத்திலேயே கலந்து போடச் சொல்வதும் சரியாகாது. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தை வைத்துச் செய்த சோதனைகளின்படி, புதிதாகக் கற்பவர் கணக்கோடு மல்லுக்கட்டுவதைவிடப் போட்டுக் காட்டிய கணக்குகளைக் கவனித்துப் படிப்பது பலன் தருகிறது. தேர்ச்சி வர வர அந்தப் பலன் குறைந்து, பிறகு தொந்தரவாகவே ஆகிவிடும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. திரும்பி வருபவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் ஓர் இடத்தில் புதியவர், இன்னோர் இடத்தில் பழகியவர். சதவீதத்தில் அவருக்கு விளக்கம் வேண்டாம். பகுதிகள் வேறான பின்னங்களில் வேண்டும். ஒன்றாம் பாடத்திலிருந்து வரிசையாகத் தொடங்கும் எந்தப் புத்தகமும் பாதி நேரம் அவரைச் சலிப்படையச் செய்து, மீதி நேரம் திணறடிக்கும். அவருக்கு வேண்டியது தன் பொத்தல்களின் வரைபடம். ஒரு பழைய வினாத்தாளை நேரம் பார்க்காமல் போட்டு, எங்கே எந்த விதி எதோடு கலந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வது, புதுப் புத்தகம் வாங்குவதைவிட நல்ல தொடக்கம்.

நம் பயிற்சி மையங்கள் இதற்கு எதிர்த் திசையில் போகின்றன. அங்கே ஷார்ட்கட்தான் சரக்கு. ஒரு பொருளின் விலை 20 சதவீதம் ஏறிப் பிறகு 20 சதவீதம் இறங்கினால் என்ன ஆகும்? இருபதைப் பத்தால் வகுத்து வர்க்கப்படுத்து, நான்கு சதவீத நஷ்டம். நொடியில் விடை. 20 ஏறி 10 இறங்கினால் அந்தச் சூத்திரம் உதவாது. அதற்கு வேறொன்று இருக்கிறது. நூறு ரூபாய் 120 ஆகும், 120இல் பத்தில் ஒரு பங்கு 12, மிச்சம் 108 என்று போட்டால் இரண்டு கணக்குக்கும் ஒரே வழிதான், மனப்பாடம் எதுவும் வேண்டாம். மையங்களைக் குறை சொல்வது சுலபம். சில மாதங்களில் வேலை வேண்டும் என்று வருபவருக்கு அவர்கள் விற்பது பொய் இல்லை. ஆனால் அந்தச் சூத்திரங்கள், தேர்வு முடிந்த பிறகு பள்ளிச் சூத்திரங்கள் போன வழியில்தான் போகும். அடுத்த அறிவிப்பு வரும்போது மறுபடி கட்டணம் கட்டிச் சேர வேண்டியிருக்கும்.

மனப்பாடமே தீது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை முழுக்க ஒப்பித்தார்கள். ஒன்றை 320ஆகப் பிரித்த முந்திரி, 80ஆகப் பிரித்த காணி, 20ஆகப் பிரித்த மா என்று பின்னங்களே பிள்ளைகளின் வாயில் புரண்டன. செந்தில் பாபு தன் 2022ஆம் ஆண்டு நூலில் அந்த மரபை ஆராய்ந்து, அங்கே நினைவு என்பது வெறும் சேமிப்பாக இல்லாமல் கணக்கிடும் முறையாகவே இருந்ததைக் காட்டுகிறார். நெல்லளப்பும் நிலக்குழியும் கூலியும் வெளியே காத்திருந்ததால் மனப்பாடத்துக்கு மறுநாளே வேலை இருந்தது. இதே உணர்வை 1990களின் அறிவொளி இயக்கத்திலும் பார்க்க முடியும். அந்த அனுபவத்திலிருந்து அனிதா ராம்பால், ரா. ராமானுஜம், எல்.எஸ். சரஸ்வதி மூவரும் எண்ணறிவு பற்றி எழுதிய கையேடு, வளர்ந்தவர்களின் வாய்க்கணக்கை அறியாமையாகப் பார்க்காமல் தொடங்கும் இடமாக எடுத்துக்கொண்டது. அந்த இயக்கத்தின் பெரும்பகுதி முதல் எழுத்தறிவோடு நின்றது. பத்தாம் வகுப்புக் கணிதத்தை மறந்துவிட்டுத் திரும்புபவருக்கு அதுபோன்ற ஒரு மாலை வகுப்பு இன்றும் நம்மிடம் இல்லை. டியூஷன் பிள்ளைகளுக்கு, கோச்சிங் தேர்வுக்கு.

கடைசியாக வயது. மூளையின் வேகம் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் உச்சம் தொட்டுப் பிறகு மெல்லக் குறைகிறது. சொல்வளமும் பொது அறிவும் நடுவயதைத் தாண்டியும் ஏறுகின்றன. கணிதம் இரண்டையும் கேட்கும். எந்த அளவுக்கு வேகத்தைக் கேட்கும் என்பது கணிதத்தைவிடத் தேர்வு வைப்பவர் கையில் இருக்கிறது. குரூப் 4இல் மூன்று மணி நேரத்துக்கு 200 வினா, அதாவது வினாவுக்கு 54 நொடி. யோசிக்க நேரம் கொடுத்தால் யோசித்தார்கள் என்று ஸ்டிக்லர் குழு கண்ட மாணவர்களுக்கும், அச்சம் இடத்தை அடைத்துக்கொண்டவர்களுக்கும் அந்த 54 நொடியில் எஞ்சுவது கொஞ்சம். கேரள எழுத்தறிவு இயக்கம் 2019இல் நடத்திய நான்காம் வகுப்புச் சமநிலைத் தேர்வை, ஒன்பது வயதில் பள்ளியை விட்ட பாகீரதி அம்மா தன் 105ஆம் வயதில் எழுதினார். கொல்லம் மாவட்டத்துக்காரர். வேகமாக எழுத முடியாததால் வீட்டிலேயே மூன்று நாள் எடுத்துக்கொண்டு எழுத அனுமதித்தார்கள். மொத்தம் 275க்கு 205 வாங்கினார். கணிதத்தில் 75க்கு 75.